பள்ளியில் மர விழாவா? ஒரு பனங்கொட்டையில் ஆரம்பியுங்கள்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிராமத்து நடுநிலைப்பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்கிறார். ஜூலை முதல் வாரத்தில் மர விழா. பிள்ளைகள் கையால் செய்த பொருள்களை வைத்து ஒரு சின்னக் கண்காட்சி, கடைசியில் நூறு மரக்கன்று நடுதல். கன்றுகளைத் தர ஒருவர் முன்வந்திருக்கிறார். சார்ட் பேப்பரும் தெர்மாகோலும் வாங்கக் கொஞ்சம் பணம் இருக்கிறது. என்ன செய்யலாம், எந்த மரம் நடலாம்?

டீச்சர், முதலில் தேதியை மாற்றுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஜூலை முதல் வாரம் என்பது வன மகோத்சவ வாரம். 1950-இல் மத்திய அமைச்சராக இருந்த கே. எம். முன்ஷி தொடங்கி வைத்தது. தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஊர்களுக்கு அது நல்ல நாள்தான். நம் பக்கம் அப்போது என்ன நடக்கும்? ஆடிக்காற்று அம்மியை நகர்த்திக்கொண்டிருக்கும். நட்ட கன்றின் இலையில் புழுதி படியும், தண்டு ஆடி ஆடி வேர் பிடிப்பு விடும். நமக்கு மழை ஐப்பசியில்தான். ஜூன் 5 சுற்றுச்சூழல் நாளுக்கும் இதே கதைதான், கத்திரி வெயில் முடிந்த சூடுகூட மண்ணில் தணிந்திருக்காது.

இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு பள்ளிக்கூடத்தில் இப்படித்தான் ஜூலையில் நூறு கன்று நட்டோம். பேனர், மைக், ஆளுக்கொரு பச்சைத் தொப்பி. பொங்கல் லீவு முடிந்து போய்ப் பார்த்தபோது மிஞ்சியவற்றைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். பேனர் மட்டும் நன்றாக இருந்தது. சைக்கிள் ஷெட்டுக்கு மறைப்பாகக் கட்டியிருந்தார்கள்.

அடுத்தது அந்த தெர்மாகோல். மரத்தைக் கொண்டாட தெர்மாகோலில் மரம் செய்து பச்சைப் பெயின்ட் அடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளை கையில் எடுத்துச் செய்கிற பொருளும் மண்ணில் வைக்கிற விதையும் ஒரே மரத்துடையதாக இருக்கட்டும். எந்த ஓலையில் காற்றாடி செய்து ஓடினானோ அந்த மரத்தின் கொட்டையைப் புதைக்கிறான் என்றால், அது போன வருஷத்து விழாவில் எங்கோ நட்ட ஏதோ ஒரு செடியாக மறந்துபோகாது. இந்தக் கணக்குக்குத் தமிழ்நாட்டில் பனை மாதிரி ஒத்துவரும் மரம் வேறில்லை. செலவும் கிடையாது.

மாநில மரம் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறார்கள். தொல்காப்பியரைக் கேட்டால் அது மரமே இல்லை. “புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப” என்கிறார். வைரம், அதாவது தண்டின் கெட்டியான பகுதி, உள்ளே இருந்தால் மரம், வெளியே இருந்தால் புல். பனைக்கு வைரம் வெளிப்பக்கம், உள்ளே மெத்தென்ற சோறு. வெட்டிக் கிடக்கும் பனந்துண்டு ஒன்றையும் வேப்பந்துண்டு ஒன்றையும் பக்கத்தில் வைத்து ஆணியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கே விளங்கிவிடும். இன்றைய தாவரவியலும் பனையைப் புல்லும் மூங்கிலும் இருக்கும், விதையில் ஒரே வித்திலை கொண்ட தாவரங்களின் பக்கம்தான் வைக்கிறது. இந்தப் புல் விஷயம் கடைசியில் நமக்கு வேறு விதத்தில் உதவும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

விழாவை ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. ஆவணியில் ஆரம்பித்துத் தை வரை இழுங்கள். பனையே அப்படித்தான் நாள் குறித்துக் கொடுத்திருக்கிறது.

ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழும். காலையில் மரத்தடிக்குப் போனால் கும்மென்று வாசம். பிள்ளைகளைச் சாக்கோடு அனுப்புங்கள், பெரியவர் ஒருவர் கூடப் போகட்டும். காய்ந்து விழுந்த ஓலைக்கடியில் தேள் கிடக்கும், கையை விடாமல் குச்சியால் புரட்டிவிட்டு எடுக்க வேண்டும். நாலைந்து பழத்தை அங்கேயே சுட்டுத் தின்னலாம். நார் பல்லில் மாட்டும், சட்டையெல்லாம் மஞ்சள் கறை ஆகும், வீட்டில் திட்டு விழும். அதுவும் விழாவில் சேர்த்திதான். மீதிப் பழங்களை நிழலில் குவித்து இரண்டு மூன்று வாரம் விட்டால் சதை அழுகிக் கழன்றுவிடும். ஒரு பழத்தில் பெரும்பாலும் மூன்று கொட்டை, சிலதில் இரண்டு, சிலதில் ஒன்று. நூறு கொட்டைக்கு நாற்பது பழம் போதும்.

அந்த இரண்டு மூன்று வாரம்தான் கைவேலைக்கான நேரம்.

ஓலையில் வகை இருக்கிறது. உச்சியில் விரியாமல் ஈட்டி மாதிரி நிற்பது குருத்தோலை. வெளிறிய நிறம், துணி மாதிரி வளையும். விரிந்து பச்சையாக முற்றியது சாரோலை, அது கூரைக்கும் வேலிக்கும். காய்ந்து தொங்குவது காவோலை. ‘காவோலை விழக் குருத்தோலை சிரிக்குமாம்’ என்கிற பழமொழியை எல்லோரும் சொல்வார்கள், இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தவர்கள் இன்றைக்குக் குறைவு. முடைய வேண்டுமானால் குருத்தோலை. அதை வெட்டுவது பனை தெரிந்தவர் வேலை. பனைக்குக் கிளை கிடையாது, உச்சியில் ஒரே ஒரு வளரும் முனைதான். அதில் அரிவாள் பட்டால் மரம் செத்தது. ஒரு மரத்தில் ஒரு குருத்துக்கு மேல் எடுக்காதீர்கள். வடலியிலிருந்து, அதாவது குட்டையான இளம் பனையிலிருந்து, எடுத்தால் ஏறவும் வேண்டாம். மட்டையின் ஓரத்தில் ரம்பம் மாதிரி இருக்கும் கருக்கைச் சீவிவிட்டுத்தான் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும்.

ஈர்க்கைக் கிழித்து எடுத்துவிட்டு, ஓலையை இரண்டு நாள் வெயிலில் காய வையுங்கள். முடையும்போது ஈரத்துணியில் சுற்றி வைத்தால் ஒடியாது.

சின்ன வகுப்புக்குக் காற்றாடி. சாண் நீளத்தில், விரல் அகலத்தில் இரண்டு கீற்று. ஒன்றின் நடுவில் நீளவாக்கில் சிறு கீறல் போட்டு, மற்றதை அதில் செருகினால் கூட்டல் குறி மாதிரி நிற்கும். நாலு நுனியையும் ஒரே சுற்றில் லேசாக முறுக்கிவிட வேண்டும், இங்கேதான் பாதிப் பேர் தவறுவார்கள். ஒரு நுனி எதிர்ப்பக்கம் முறுகிவிட்டால் சுற்றாமல் நடுங்கிக்கொண்டு நிற்கும். நடுவில் ஒரு வேலிக்கருவை முள்ளைக் குத்தி, அதைச் சோளத்தட்டையில் செருகிவிட்டால் முடிந்தது. அந்தத் தட்டையைப் பிடித்துக்கொண்டு காற்றுக்கு எதிரே ஓட வேண்டும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் ஆடிக்காற்று நல்லது.

கிலுகிலுப்பை கொஞ்சம் கஷ்டம், ஆறாம் வகுப்புக்கு மேல் கொடுங்கள். உள்ளே போட அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியை எடுக்காதீர்கள், அது விஷம். புளியங்கொட்டை நாலு போட்டால் சத்தம் நன்றாகவே வரும். பெட்டி முடைய உங்கள் ஊரில் கட்டாயம் ஒரு பாட்டி இருப்பார், அவரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். நானோ நீங்களோ வீடியோ பார்த்துச் சொல்லிக் கொடுப்பதைவிட அவர் பத்து நிமிஷம் வாயே திறக்காமல் முடைவதைப் பார்த்தால் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். அவருக்கு ஒரு நாள் கூலியை மறக்காமல் கொடுங்கள். தெர்மாகோலுக்கு வைத்திருந்த பணம் இருக்கிறதே.

கண்காட்சிக்கு வெளியூர்ப் பொருளும் நாலு வைக்கலாம். சாயம் ஏற்றிய ஓலையில் முடைந்த செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. தூத்துக்குடிப் பக்கம் மணப்பாட்டில் பெண்கள் செய்யும் ஓலைப் பெட்டிகள் கிடைக்கும். யாழ்ப்பாணத்தில் யாராவது தெரிந்திருந்தால் ஒரு நீத்துப்பெட்டி கேட்டு வாங்குங்கள். கூம்பு மாதிரி முடைந்த பெட்டி அது, புட்டு அவிப்பதற்கு. ஓலைப் பெட்டிக்குள் ஆவியில் வேகும் புட்டுக்கு ஒரு வாசம் உண்டு, அலுமினியக் குழாயில் அது வராது. நம் பக்கத்துப் பிள்ளைகள் அதைத் தொப்பி என்று நினைத்துத் தலையில் வைத்துப் பார்ப்பார்கள், விடுங்கள். மட்டையின் அடியில் வலை மாதிரி இருக்கும், வடிகட்டியாக உதவும் பன்னாடையையும் வையுங்கள். ‘பன்னாடை’ என்று திட்டுவதற்கு அர்த்தம் அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரியும். நல்லதைக் கீழே விட்டுவிட்டுக் குப்பையை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும் ஆள்.

நுங்கு வண்டியை விட்டுவிட்டேனே என்று யாராவது கேட்பார்கள். நுங்கு கோடையில். அந்த வண்டியைப் பள்ளி திறப்பதற்குள் பிள்ளைகளே ஓட்டி முடித்திருப்பார்கள்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது ஓலையில் எழுதுவதுதான். இதற்குக் குருத்து வேண்டாம், கொஞ்சம் முற்றிய ஓலை வேண்டும். ஈர்க்கு நீக்கி, சாண் நீளத்துக்கு நறுக்கி, தண்ணீரில் வேகவைத்து, நிழலில் உலர்த்தி, மடிப்பு விழாமல் கனமான புத்தகங்களுக்கு அடியில் இரண்டு நாள் வையுங்கள். எழுத்தாணிக்கு எங்கேயும் போக வேண்டாம், ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் காம்பஸ் முள் போதும். பிள்ளை தன் பெயரைக் கீறுவான். ஒன்றுமே தெரியாது. “சார், எழுதவே மாட்டேங்குது” என்பான். விளக்குக் கரியை இரண்டு சொட்டு நல்லெண்ணெயில் குழைத்து ஓலை முழுக்கத் தடவச் சொல்லுங்கள். இப்போது ஓலையே கறுப்பாகிவிடும், முகம் சுருங்கிவிடும். ஒரு துணியால் துடைத்தால் மேலிருக்கும் கரி போய்விடும், கீறலுக்குள் போன கரி மட்டும் நின்று பெயர் பளிச்சென்று தெரியும். அந்த நிமிஷம் வகுப்பில் எழும் சத்தத்துக்காகவே நான் இதை ஒவ்வொரு வருஷமும் செய்கிறேன்.

அழுத்திக் குத்தினால் ஓலை கிழியும். பழைய சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமலே எழுதியிருப்பதை இதோடு சேர்த்துச் சொல்லலாம். ‘க’வா ‘க்’கா என்று படிப்பவர்தான் ஊகிக்க வேண்டும். புள்ளி வைக்காமல் தன் பெயரை எழுதிவிட்டுப் பக்கத்து பெஞ்சில் படிக்கக் கொடுத்தால் அரை மணி நேரம் போவதே தெரியாது. ஒவ்வொரு ஓலையிலும் பெயர், தேதி, கூடவே ஒரு எண். அந்த எண்ணை நடும்போது சொல்கிறேன்.

சரி, நடுவதற்கு வருவோம். புரட்டாசிக் கடைசி, முதல் மழைக்குக் கொஞ்சம் முன்னால். இடம் குளக்கரை, ஓடைக்கரை, பள்ளியின் வேலியோரம். குளக்கரை என்றால் பஞ்சாயத்தில் கேட்டுவிட்டுத்தான். கரண்டுக் கம்பிக்குக் கீழே வேண்டவே வேண்டாம். நாளைக்கு மின்வாரியத்துக்காரர்கள் வந்து வெட்டினால் குறை சொல்ல முடியாது. பத்தடிக்கு ஒன்று. கடப்பாரையால் முக்கால் அடிக் குழி, கொட்டையில் முளை வரும் கண் இருக்கும் பக்கம் கீழே இருக்க வேண்டும், மண்ணை மூடி மிதித்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றும் வேலையை ஐப்பசி பார்த்துக்கொள்ளும்.

கன்றாகவே நடலாமே என்று சிலர் சொல்வார்கள். பனையில் வேண்டாம். கொட்டை முளைத்ததும் முளை மேலே வராது, முதலில் மண்ணுக்குள் நேராகக் கீழே இறங்கும். நாம் தின்னும் பனங்கிழங்கு அதுதான். அது இறங்கிய பிறகு பெயர்த்து இன்னொரு இடத்தில் வைத்தால் பெரும்பாலும் பிழைக்காது. கொட்டையாக நட்டுவிட்டு மறந்துவிடுகிற மரம் இது.

பிள்ளைகள் மறக்கக்கூடாது என்றால் பள்ளி வளாகத்திலேயே ஒரு கிழங்குப் பாத்தி போடுங்கள். முழங்கால் உயரத்துக்கு மணலைக் குவித்து, அதன் மேல் ஐம்பது அறுபது கொட்டையை நெருக்கமாக அடுக்கி, மேலே கொஞ்சம் மண். நடுவில் ஒரு கொட்டையை எடுத்து வெட்டிக் காட்டலாம். உள்ளே வெள்ளையாகப் பஞ்சு மாதிரி, இனிப்பாக இருக்கும். எங்கள் பக்கம் தவண், யாழ்ப்பாணத்தில் பூரான். பொங்கலுக்கு முன் பாத்தியைப் பிரித்தால் கிழங்கு. அவித்து ஆளுக்கு இரண்டு கொடுங்கள். கரையில் தான் நட்ட கொட்டைக்குள்ளும் இதேதான் நடந்துகொண்டிருக்கிறது என்று வாயில் நார் மாட்டும்போது அவனுக்கே புரியும்.

நடுவில் கார்த்திகை வருகிறது. நெல்லை, கன்னியாகுமரிப் பக்கமென்றால் ஓலைக் கொழுக்கட்டை. பச்சரிசி மாவும் கருப்பட்டியும் பிசைந்து குருத்தோலைக்குள் வைத்துக் கட்டி அவிப்பது. வட மாவட்டமென்றால் மாவளி. ஆண் பனையின் பூக்குலையைச் சுட்டுக் கரியாக்கி, பொடித்து, துணியில் சுருட்டி, பிளந்த பனைமட்டைத் துண்டுகளுக்கு நடுவில் கட்டி, நெருப்பு வைத்துக் கயிற்றில் சுற்றினால் பொறி வட்டமாகப் பறக்கும். அதைப் பெரியவர்கள் மைதானத்தில் செய்யட்டும், பிள்ளைகள் தள்ளி நின்று பார்க்கட்டும்.

பெற்றோர் கூட்டத்தில் இரண்டு கேள்வி நிச்சயம் வரும். ஒன்று, “ஆண் பனையாகப் போய்விட்டால்?” கொட்டையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, பூ விட்டால்தான் தெரியும். செய்யாறு பக்கம் திருவோத்தூரில் காய்க்காத ஆண் பனைகளைச் சம்பந்தர் பதிகம் பாடிக் குலை தள்ள வைத்தார் என்பது கதை. நமக்கு அந்த வசதி இல்லை. ஆனால் ஆண் பனையிலும் பதநீர் இறக்கலாம், ஓலையும் நாரும் இரண்டிலும் ஒன்றுதான், மாவளிக்கு ஆண் பனைதான் வேண்டும்.

இரண்டாவது, “இது எப்போது பலன் தரும்?” பன்னிரண்டு, பதினைந்து வருஷம், சில இடங்களில் அதற்கும் மேல். ‘தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்’ என்று அதற்கும் ஒரு பழமொழியை எடுத்து விடுவார்கள். வைப்பது ஐம்பது வயதுக்காரராக இருந்தால் அது சரி. பத்து வயதுப் பிள்ளை வைத்தால்? இருபத்தைந்து வயதில் அவன் நுங்கு வெட்டுவான். பனை நடுவதற்குச் சரியான ஆள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைதான்.

நிற்கிற பனையைச் செங்கல் சூளைக்கு ஏற்றுவது இன்னும் நடக்கிறது. 2021 வேளாண் பட்ஜெட்டில், பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அரசு அறிவித்தது. அதே அறிவிப்பில்தான் 30 மாவட்டங்களுக்கு 76 லட்சம் பனை விதை தருவதாகவும் சொன்னார்கள். உங்கள் ஊரில் பழம் பொறுக்கும் அளவுக்குப் பனை இல்லையென்றால் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

பனையே ஒத்துவராத ஊர் என்றால் பூவரசு. இலையைச் சுருட்டி நுனியை நசுக்கி ஊதினால் பீப்பீ, பத்து பைசா செலவில்லாத நாதஸ்வரக் கச்சேரி. நடுவதற்கு விதைகூட வேண்டாம், கை பருமனில் ஒரு கிளையைப் போத்தாக வெட்டி மழைக்கு ஊன்றினால் தழைத்துவிடும். டெல்டாப் பக்கத்துப் பள்ளிக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

தருவதாகச் சொன்ன அந்த நூறு கன்றுகளை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், கொடுப்பவர் மனசு கோணும். ஐப்பசிக்குக் கொடுங்கள் என்று கேளுங்கள். முன்பே வந்து இறங்கிவிட்டால் பையோடு நிழலில் வைத்துத் தண்ணீர் ஊற்றிவாருங்கள். நூறும் வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். தண்ணீர் ஊற்ற ஆள் எத்தனைக்கு இருக்கிறதோ அத்தனை போதும்.

இனி அந்த எண். கரையில் நட்ட பனை எப்போது மேலே எட்டிப் பார்க்கும் என்றால், மாதக்கணக்கில் ஆகும். அப்படி வரும்போதும் விசிறி மாதிரி வராது. ஒற்றை இலை, மடிப்பு விழுந்து, கோரை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். எங்கள் பக்கம் பீலி என்போம். தெரியாதவர் கண்ணுக்கு அது புல். தொல்காப்பியர் சொன்னது அங்கே அப்படியே பலித்துவிடும். எங்கள் ஊர்க் குளக்கரையில் நாங்கள் நட்டதில் நாற்பதுக்கு மேல் பீலி விட்டிருந்தது. கரையைச் சுத்தம் பண்ண வந்தவர்கள் ஒரே காலையில் மண்வெட்டியால் அத்தனையையும் செதுக்கித் தள்ளிவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, நாங்கள்தான் ஒரு அடையாளமும் வைக்கவில்லை.

அதனால் ஒவ்வொரு குழிக்குப் பக்கத்திலும் பனைமட்டையில் சீவிய முழ நீளக் குச்சி ஒன்றை அடித்துவிடுங்கள். அதில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் எண்ணைச் சுட்டு எழுதுங்கள், இதை மட்டும் நீங்களே செய்யுங்கள். அதே எண்தான் வகுப்பில் கயிறு கட்டித் தொங்கும் ஓலையில் பிள்ளையின் பெயரோடு இருக்கிறது. குச்சியைக் கறையான் அரித்தால் அடுத்த வருஷம் அந்த எண்ணுக்குரியவன் புதுக் குச்சி அடித்துக்கொள்வான். கரையில் மண்வெட்டியோடு யாராவது இறங்கினால் உங்களிடம் வந்து சொல்ல நூறு பேர் இருப்பார்கள்.